முழங்கை மடிப்பில் நாலு ஸ்டாப்பு

பச்சை அட்டைப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாள், எடுத்த கையோடு கீழே வைத்தும்விட்டாள். என்ன அவசரம், மணி இரண்டேகால்தானே. நாலு மணிக்கு லைப்ரரி கிளார்க் வந்து நிற்பார். அதற்குள் மேசைமேல் கிடக்கிற மூன்று புத்தகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் சேரப்போகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியலுக்கு இதுதான் பாடப்புத்தகம் என்று படிவத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு வரி! இதென்ன மலையைப் புரட்டுகிற காரியமா? டாக்டர் உலகம்மாள், உடற்கூறியல் துறைத் தலைவர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே இடதா வலதா என்று சொல்லிவிடுவாள் என்று மெடிக்கல் காலேஜ் முழுக்கப் பேர் வாங்கினவள், சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து அட்டையை அட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் சுற்றுகிறது, காற்றைக் காணோம். புரட்டாசி என்று பேர்தான், வெயில் சித்திரை மாதிரி கொளுத்துகிறது. அடுத்த ஹாலில் பிணங்களைப் போட்டு வைத்திருக்கிற தொட்டியிலிருந்து பார்மலின் வாடை வந்து கண்ணைக் கரித்தது. இத்தனை வருஷம் கரிக்காத வாடை இன்றைக்கு மட்டும் ஏன் கரிக்கிறது? சனியன் பிடித்த புத்தகங்கள். இவற்றை யார் கேட்டது?

பெனாசிர் கேட்டாள். வேறு யார். தன்னிடம் படித்த பிள்ளை, முதலாண்டில் மண்டையோட்டைக் கையில் வாங்கவே பயந்து வேர்த்துப்போய் நின்ற பிள்ளை, இப்போது அசிஸ்டென்ட் புரொபசர், போன வாரம் துறைக் கூட்டத்தில் எழுந்து, "மேடம், இந்த வருஷத்திலிருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே புத்தகத்தைக் கட்டாயமாக்கிடலாமே" என்று சொன்னாள். அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். என் கிளாஸ் இருக்கும்போது புத்தகம் எதுக்கு என்று உலகம்மாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். யாராவது ஒருவர் கூடச் சிரித்திருக்கலாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நேற்றுவரை என் முன்னால் உட்காராதவர்கள் எல்லாம் இன்றைக்குப் பேனா மூடியைத் திருகிக்கொண்டு தலையைக் குனிகிறார்கள். நாற்காலிமேல் கண், வேறென்ன? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா, அதற்குள் என்ன பறக்கிறாய்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தாள், இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அது நிற்கவில்லை. பெனாசிருக்கு நாற்காலி ஆசை கிடையாது, அது உலகம்மாளுக்கே தெரியும். அப்படியானால் அவளுக்கு என்னமோ தெரிந்திருக்கிறது. என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு சட்டென்று திரும்பிக்கொண்டது, வாசலில் பிடிக்காத ஆளைப் பார்த்தவுடன் உள்ளே போய்விடுகிற மாதிரி.

மறதி எல்லாருக்கும்தான் வருகிறது. ஐம்பத்தாறு வயசு. தைராய்டு இருக்கிறது, சுகர் கொஞ்சம் இருக்கிறது, தூக்கம் சரியில்லை, மாதவிலக்கு நின்றபிறகு இப்படித்தான் ஆகும் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். மணிக்கட்டில் எட்டு எலும்பு. ஆடி மாதம் ஒருநாள் கிளாஸில் ஏழு சொல்லிவிட்டு எட்டாவதற்கு நின்றாள். பிள்ளைகள் பார்த்தார்கள். மிச்சத்தை நீங்க சொல்லுங்க பார்ப்போம் என்று சமாளித்துவிட்டாள், ஆசிரியர் வேலையில் அது ஒரு வசதி. அன்றிலிருந்துதான் பிட் எழுத ஆரம்பித்தாள். ஆமாம், பிட்! பரீட்சை ஹாலில் சாக்ஸுக்குள், பென்சில் டப்பாவுக்குள், ஒருத்தி கூந்தலுக்குள்ளே சொருகி வைத்திருந்ததைக்கூடப் பிடித்தவள், இப்போது வெள்ளைக் கோட்டின் வலது பாக்கெட்டில் நாலாய் மடித்த காகிதத்தோடு கிளாஸுக்குப் போகிறாள். காலையில் வீட்டில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தையும் பார்க்காமல், ஞாபகத்திலிருந்து பொடி எழுத்தில் எழுதிக்கொள்வது. புத்தகத்தைப் பார்த்து எழுதுவது கேவலம் என்று ஒரு ரோஷம். என்ன ரோஷமோ! பிட் வைத்திருப்பவளுக்கு ரோஷம் வேறு.

ஆனால் முழங்கைக்குப் பிட் தேவையில்லை. அது போகாது. மற்றதெல்லாம் போனாலும் அது போகாது, ஏனென்றால் அது அப்பா கொடுத்தது. அப்பா ஆறுமுகநயினார் கண்டக்டர், திருநெல்வேலி தென்காசி ரூட்டில் இருபத்தொன்பது வருஷம். லீவு நாளில் அவளைக் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "ஏளா உலகு, அடுத்து என்ன?" என்பார். பேட்டை, சீதபற்பநல்லூர், மாறாந்தை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று இவள் ஒப்பிப்பாள். ஒன்றை விட்டால் பஸ்ஸையே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவார். அந்த வரிசைப் புத்தியை வைத்துத்தான் டாக்டருக்குப் படித்தாள், அந்த வரிசைப் புத்தியை வைத்துத்தான் ரூட் கிளாஸ் நடத்துகிறாள். ரூட் கிளாஸ் என்றால் இந்தக் காலேஜில் முதலாண்டு முடித்த யாரைக் கேட்டாலும் தெரியும். கையை நீட்டி வைத்துக்கொள், முழங்கை மடிப்பைப் பார், ரத்தம் எடுக்க ஊசி குத்துகிற அந்த இடம்தான். அங்கே தோலுக்குக் கீழே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நாலு ஸ்டாப்பு. தமனி, நரம்பு, தசைநாண், கடைசியில் இன்னொரு நரம்பு. வரிசையை மாற்றினாயோ, ஊசி போக வேண்டிய இடத்துக்குப் போகாது, நரம்பில் இறங்கும், நோயாளியின் கை செத்துப்போகும், இறங்கு இறங்கு என்று விசிலடித்துக் காட்டுவாள். நூற்றைம்பது பிள்ளைகளும் விசிலடிப்பார்கள். வரண்டாவில் போகிற பிரின்சிபால்கூட ஒருதரம் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் எந்தப் புத்தகத்தையும் அவள் எடை போடுவது. முன்னுரை, பின்னுரை, வழவழ தாள், ஒன்றும் பார்க்க மாட்டாள். முழங்கையைத் திற, நாலு ஸ்டாப்பை எப்படிச் சொல்லியிருக்கிறான் பார். அதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு முழு உடம்பையும் சொல்லத் தெரியும்.

சரி என்று பச்சை அட்டையைத் திறந்தாள். முழங்கைப் பக்கம் வந்தது. படித்தாள். திரும்பப் படித்தாள். அடப் பாவி, தப்பு! உள்பக்கத்தில் முதலில் நரம்பு, அப்புறம்தான் தமனி என்று போட்டிருக்கிறான். படத்திலும் அப்படியே. அவளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. வெட்கமில்லாமல் சொன்னால், ரொம்ப நாளாய் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. பார்த்தாயா, இதைத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறாய் பெனாசிர். ஆயிரம் பக்கம், ஒரு முழங்கையைச் சரியாகச் சொல்லத் துப்பில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரிக்கு அடியில் கோடிழுத்து, ஓரத்தில் 'தவறு' என்று எழுதினாள். எழுத்து மணிமணியாக வந்தது. பாருங்கள், எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கிறவளுக்கு மறதி என்று எவளாவது சொல்லட்டும்! வீட்டில் இவரிடம் இதை ராத்திரி சொல்ல வேண்டும். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் ம் என்பார். பரவாயில்லை, சொல்ல வேண்டும். பச்சை அட்டை கழிந்தது.

அடுத்து சிவப்பு அட்டை. இது மெலிசு, பரீட்சைக்கென்றே எழுதினது, கேள்வி பதில், கட்டம் போட்ட குறிப்புகள். இந்த ரகம் அவளுக்கு ஆகவே ஆகாது, ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, திறந்தாள். நரம்பு, தமனி, தசைநாண், நரம்பு. கொட்டை எழுத்தில். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்தான். உடனே காரணம் கிடைத்துவிட்டது: காப்பி. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதுகிறான். தப்பையும் சேர்த்துக் காப்பியடிக்கிறான். இதற்கு அடியிலும் சிவப்புக் கோடு இழுத்தாள், இந்தத் தடவை கோடு கொஞ்சம் வளைந்து போயிற்று. மூன்றாவது புத்தகம் வெளிநாட்டுப் புத்தகம், பெரிசு, வண்ணப் படம், உண்மையான உடம்பை அறுத்து எடுத்த போட்டோக்கள். அதைத் திறக்க வேண்டியதுதானே? திறக்கவில்லை. தண்ணீர் குடித்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். மியூசியம் ரூமுக்குப் போனால் கண்ணாடி ஜாடியில் அறுத்து வைத்த கை இருக்கிறது, நாற்பது அடி தூரம், போய்ப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் போகவில்லை. பயமாக இருந்தது. இதைச் சுற்றிச் சுற்றி வேறு எப்படிச் சொல்ல? ஐம்பத்தாறு வயசுப் பொம்பளை, நூற்றுக்கணக்கான பிணங்களை அறுத்தவள், ஒரு ஜாடியைப் பார்க்கப் பயந்து நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாக்கெட்டில் கைவிட்டுப் பிட்டை எடுத்தாள். கைப் பாடத்துக்கென்று எழுதியது, மடிப்பெல்லாம் பிய்ந்திருந்தது. தேவையில்லை என்றாளே, முழங்கையும் அதில் இருக்கிறது. தமனி, நரம்பு, தசைநாண், நரம்பு. பார், நான் சொன்னதுதான் இதிலும். ஆனால் எழுதினது யார்? நீதானே. உன் தலைக்குள் இருந்ததைத்தானே எழுதினாய். நீயே சொல்லி நீயே சாட்சி. ஒரு யோசனை வந்தது. இடது கையை மேசைமேல் நீட்டி, கோட்டின் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை லேசாய் மடக்கி, வலது கை விரலால் தேடினாள். தசைநாண் கெட்டியாய்த் தட்டுப்பட்டது. அதற்கு உள்பக்கம் ஒட்டினாற்போல் தமனி துடித்தது, தப், தப், தப். இருக்கிறது. தசைநாணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடுவில் நரம்புக்கு இடம் எங்கே? நரம்பு கைக்குத் தட்டுப்படாது, அது துடிக்காது, பேசாமல் கிடக்கும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ, அது எங்கே கிடக்கிறது என்று அவளுடைய சொந்தக் கையே அவளுக்குச் சொல்லவில்லை. அப்பா ஞாபகம் வந்தது, வரக்கூடாத அப்பா. ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மத்தியானம், சீதபற்பநல்லூரில் பஸ்ஸை நிறுத்தி "மாறாந்தை இறங்கு" என்று விசிலடித்தார். இது மாறாந்தை இல்லையே என்று ஒருத்தர் சொன்னார். இதுதான் மாறாந்தை என்றார் அப்பா. பஸ் முழுக்கச் சொன்னது, டிரைவர் இறங்கி வந்து சொன்னார், ரோட்டோரத்தில் மஞ்சள் கல்லில் எழுதியிருந்தது. அப்பா அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "எவனோ மாத்தி எழுதிட்டான்" என்றார். வீட்டில் அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போது அவள் மூன்றாம் வருஷம், நரம்பு நோய்களைப் பற்றி அந்த மாதம்தான் படித்துக்கொண்டிருந்தாள், அப்படியும் சிரித்தாள். மூன்றாவது புத்தகத்தைத் திறந்தாள். போட்டோ. மஞ்சளாய் நரம்பு, அதற்கு வெளிப்பக்கம் சிவப்பாய்த் தமனி. பென்சில் கையில் இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கோடிழுத்து 'தவறு' என்று எழுதிவிட்டிருந்தாள்.

கதவு திறந்தது. மாசானம், டிசெக்‌ஷன் ஹால் அட்டெண்டர், டீ டம்ளரோடு வந்தார். அவளுக்கு முன்னாலேயே இங்கே வேலைக்குச் சேர்ந்தவர், தொட்டியிலிருந்து பிணம் தூக்குகிறவர், அவள் கிளாஸ் நடக்கும்போதெல்லாம் கதவோரம் நிற்பவர்.

"அம்மா, டீ ஆறிரும்."

"மாசானம், நம்ம முழங்கையில முதல் ஸ்டாப்பு எது?" விளையாட்டுப் போலத்தான் கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "நரம்பும்மா. நரம்பு, தமனி, தசைநாணு, பெறவு இன்னொரு நரம்பு. எத்தனை வருசமாக் கேக்கேன், நான் என்ன படிச்சவனா, நீங்க சொல்லிக் கேட்டதுதான." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், மேசையில் திறந்து கிடந்த புத்தகங்களைப் பார்த்தார், டம்ளரை மெதுவாய் வைத்தார். "நீங்க மாத்திச் சொன்னாலும் ஒண்ணுமில்லம்மா," என்றார். "டீயக் குடிங்க."

போய்விட்டார். மாத்திச் சொன்னாலும் என்றாரே. அப்படியானால் மாத்திச் சொல்லியிருக்கிறேன். எப்போது? எத்தனை தடவை? யார் யார் முன்னால்? நூற்றைம்பது பிள்ளைகள் கையில் ஊசியோடு வார்டுக்குள் நுழைகிறார்கள், கட்டிலில் படுத்திருப்பவர்கள் கையை நீட்டுகிறார்கள், எல்லார் வாயிலும் என் வரிசை. ஐயோ, யாருடைய கை செத்தது? இனி யாருடைய கை சாகப்போகிறது? டீயை எடுத்தாள், குடிக்க முடியவில்லை, உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள், கதவு மறுபடி தட்டப்பட்டபோதுதான் கீழே வைத்தாள். பெனாசிர் வந்தாள். கிளார்க் வரண்டாவில் வந்து நிற்பதாகச் சொன்னவள், மூன்று புத்தகங்களும் ஒரே பக்கத்தில் திறந்து கிடப்பதையும் மூன்றிலும் சிவப்புக் கோட்டையும் பார்த்துவிட்டு, மேசைக்கு வந்தாள். பிறகு ஒவ்வொரு புத்தகமாக மூடினாள். அந்த மூடுகிற பக்குவத்தில் உலகம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன பேட்ச்சுல என் கிளாஸ் முடிஞ்சதும் சாயங்காலம் பிள்ளைகளை வச்சு ஒரு கிளாஸ் எடுத்தியே, எதுக்கு?"

"ரிவிஷன் மேடம்."

"பெனாசிர்."

பெனாசிர் இப்போதும் ஜன்னலைத்தான் பார்த்தாள். "பிப்ரவரி இன்டர்னல் பரீட்சையில முழங்கைக் கேள்வி வந்துச்சு மேடம். நூத்திப் பதினொண்ணு பேரு ஒரே மாதிரி தப்பா எழுதியிருந்தாங்க. எல்லாரும் காப்பியடிச்சிட்டாங்கன்னுதான் நெனச்சேன். கூப்பிட்டுத் திட்டிட்டேன்கூட. அப்புறம் ஒரு பிள்ளை உங்க கிளாஸ் நோட்டைக் கொண்டுவந்து காட்டிச்சு."

"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் என் கிளாஸ்ல உட்கார்ந்திருந்தாங்களா?"

"நீங்க சொல்றபடி எழுதிக்குவாங்க. விசிலும் அடிப்பாங்க. சாயங்காலம் எங்கிட்ட வந்து திருத்திக்குவாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவங்களே பேசி வச்சிருக்காங்க." புத்தகங்களை நேராக அடுக்கி வைத்தாள். "உங்க கிளாஸுக்கு மட்டும் யாரும் லீவு போட மாட்டாங்க மேடம்."

உலகம்மாளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூற்றைம்பது குழந்தைகள், பதினெட்டு வயசு, ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொள்கிற வயசு, தப்பு என்று தெரிந்தே தலையைக் குனிந்து தப்பை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள், இவள் மனம் நோகக்கூடாதென்று. இவளோ மேடையில் நின்று இறங்கு இறங்கு என்று கூத்தடித்திருக்கிறாள். இதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம். நல்லவேளை, ஒருத்தர் கையும் சாகவில்லை, அந்த ஒரு நிம்மதி நெஞ்சுக்குள் எங்கோ வந்து உட்கார்ந்தது, மற்ற எல்லா இடமும் காலியாக இருந்தது. படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுல எது நல்லது?"

"பச்சை, மேடம். பிள்ளைங்க தானாப் படிச்சாலும் புரியும்."

எழுதினாள். அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சை எழுதுகிறவள் போல எழுதினாள். பிரதிகள் என்ற கட்டத்தில் நூற்றைம்பது என்று போட்டு, அடித்து, நூற்றைம்பத்தொன்று என்று போட்டாள். "கைப் பாடக் கிளாஸெல்லாம் இனிமே நீ எடு" என்றாள்.

"புதுப் பிள்ளைங்க கேப்பாங்களே மேடம். சீனியருங்க சொல்லியிருப்பாங்க. மேடம் ஏன் வரலன்னு கேட்டா என்ன சொல்ல?"

உலகம்மாள் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மேடம் படிக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு," என்றாள். பிறகு கிளார்க்கை உள்ளே வரச் சொன்னாள்.